சோதனைக்கு எழுதிய பெயர்

வெள்ளிக்கிழமை விருந்தில் பாதிச் சோற்றோடு கை கழுவிவிட்டு எழுந்துபோன இன்ஷா, அதன் பிறகு மாமா வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஜமாஅத்தில் யாராவது மௌத்தாகிவிட்டால், தெருவில் இருப்பவர்களுக்கும் துபாய், மலேசியா என்று பிழைக்கப் போனவர்களுக்கும் ஒரே நேரத்தில் மரணச் செய்தி போகிற மாதிரி ஒரு செயலியை முஜிபுர் ரகுமான் எழுதிக் கொடுத்திருந்தான். அதைக் கவனிக்கிற பொறுப்பை அவன் அக்கா ரிஹானாவின் மகள் இன்ஷா எடுத்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்த பெண். ஒரு சின்னத் திருத்தத்தைச் சோதித்துப் பார்க்காமல் நேராக ஏற்றிவிட்டாள். ஒரே அறிவிப்பு எல்லோருக்கும் இரண்டு தடவை போனது. அவ்வளவுதான் நடந்தது.

கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், மொத்தக் குடும்பமும் உட்கார்ந்திருந்த விரிப்பில், முஜிப் அவளைப் பிடித்துக்கொண்டான்.

“ஓடுற பஸ்ஸுக்கு அடியில படுத்துக்கிட்டு நட்டு முறுக்குறவள மெக்கானிக்குன்னு சொல்லுவாகளா? சோதிக்காம ஏத்துறதுக்குப் பேரு வேலை இல்லம்மா, திமிரு.”

அதைச் சொல்வதற்குச் சற்று முன்னால்தான், அவன் தன் சென்னைக் கம்பெனியின் மொத்த சிஸ்டமும் படுத்துவிட்ட நாளில், எல்லா விதிகளையும் ஓரமாக வைத்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த இடத்திலேயே கைவைத்துச் சரிசெய்த கதையை எல்லோருக்கும் பெருமையாகச் சொல்லி முடித்திருந்தான்.

மறுநாளே இன்ஷா செயலியில் ஒரு பூட்டுப் போட்டாள். இனிமேல் மரண அறிவிப்பு எதுவும் இன்னொருவர் ஒப்புதல் கொடுக்காமல் வெளியே போகாது. அதை ஒரே வரியில் மாமாவுக்கு எழுதி அனுப்பினாள். அவன் ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்பினான். அதோடு சரி.

இன்று செவ்வாய்க்கிழமை. கம்பெனியின் காலைக் கூட்டம் ஆரம்பித்திருந்தது. வீட்டு மாடி அறையிலிருந்தே, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முஜிப் சென்னைப் பையன்களோடு பேசிக்கொண்டிருந்தான்.

“அண்ணா, ஒரு சந்தேகம்” என்றான் ஹரீஷ். அந்தக் குழுவிலேயே வாய் கூடியவன். “அன்னிக்கு நீங்க லைவ்லயே கை வெச்சீங்க. எல்லாரும் கைதட்டினாங்க. நாங்க வெச்சா மட்டும் ஏன்ணா திட்டு?”

முஜிப் சிரித்தான். “விதி எதுக்கு இருக்குன்னு தெரியாதவங்களுக்குத்தான் தம்பி விதி. இத்தனை வருஷம் அதோடயே குடும்பம் நடத்துனவனுக்கு, எந்த இடத்துல விடலாம்னும் தெரியும்.”

பையன்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடித்திருந்தது.

இதைப் பேசிக்கொண்டே இன்னொரு பக்கம் ஜமாஅத் செயலியைத் திறந்து வைத்திருந்தான். அடக்கம் எப்போது என்பது செய்தியின் மேல் வரியிலேயே தெரிய வேண்டும் என்று ஜமாஅத் தலைவர் நேற்றுக் கேட்டிருந்தார். இரண்டு நிமிட வேலை. மாற்றி முடித்ததும், செய்தி எப்படித் தெரிகிறது என்று ‘சோதனை’ என்று குறித்துத் தன் போனுக்கு மட்டும் ஒன்று அனுப்பிப் பார்க்கலாம் என்று நினைத்தான்.

இன்ஷாவின் பூட்டு குறுக்கே வந்து நின்றது. ‘இரண்டாவது நபரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.’

ஒப்புதல் வேண்டுமென்றால் இன்ஷாவைக் கூப்பிட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவளைத் தானாகக் கூப்பிட அவனுக்கு மனம் வரவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் போட்ட வேலி, நமக்கு எதற்கு என்று தோன்றியது. அவள் எழுதியிருந்த அந்த நான்கைந்து வரிகளை முழுதாகப் படிக்காமல் அப்படியே செயலிழக்கச் செய்தான்.

பெயர் என்ற கட்டம் காலியாக நின்றது. ‘மு’ என்று அடித்தான். விரல் நின்றது. அழித்தான். பிறகு ‘சாதிக் அலி’ என்று அடித்தான். அவனைப் பெற்ற அத்தாவின் பெயர். ‘இன்று அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம்’ என்று சேர்த்து, பட்டனை அழுத்தினான்.

மேசையில் கிடந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். அடக்க நேரம் மேல் வரியில் தெளிவாக, பெரிதாக வந்திருந்தது. திருப்தியோடு போனைச் சத்தமில்லாமல் போட்டு, திரையில் அந்தச் செயலியை மூடிவிட்டுக் கூட்டத்துக்குத் திரும்பினான்.

அவன் படிக்காமல் விட்ட வரிகளில் ஒன்று, சோதனைச் செய்தி சோதிக்கிறவரின் எண்ணுக்கு மட்டுமே போக வேண்டும் என்று கட்டிப்போட்டிருந்த வரி.

*

கூட்டம் நீண்டு ஒருவழியாக முடிந்து, டீ குடிக்கலாம் என்று முஜிப் மாடியிலிருந்து இறங்கியபோது, வாசலில் டி.வி.எஸ். ஐம்பது ஒன்று நிலை தடுமாறி வந்து நின்றது. சாக்கோட்டை சேவுகன். அத்தாவுடைய சைக்கிள் கடைக் காலத்திலிருந்து கூட்டாளி. மடித்துக்கட்டிய வேட்டி, வியர்த்த முகம், கையில் சாக்குப் பையிலிருந்து பாதி வெளியே தொங்கும் ரோஜா மாலை.

கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, சாதிக் அலி முறுக்கை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

சேவுகன் படியேறி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“என்னப்பா, வெள்ளனையே? மாலையும் கையுமா எங்குட்டுக் கெளம்பிட்ட? கல்யாணமா?” என்றார் சாதிக் அலி.

“ஒனக்குத்தான்யா வாங்கிட்டு வந்தேன்” என்ற சேவுகனின் குரல் உடைந்தது. “நீ... நீ இருக்கியா?”

“இல்லாம? முறுக்கு யாரு திங்கிறா?”

முஜிப்புக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் சேவுகன் தன் போனை நீட்டினார். ஜமாஅத்துக்காரர் யாரோ அவருக்கும் தள்ளிவிட்டிருந்த செய்தியில் அவன் அத்தாவின் பெயர். மேல் வரியில், தெளிவாக, பெரிதாக, அஸருக்குப் பின் நல்லடக்கம்.

ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. எந்த வரியை எடுத்தான், அதில் என்ன இருந்திருக்கும், அந்த அழுத்தலில் எத்தனை போன்கள் அதிர்ந்திருக்கும்.

அதற்குள் தெரு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, “இன்னாலில்லாஹி” என்று சொல்லியபடியே படியேறினார்கள். ஏறியவர்கள் நாற்காலியில் இருப்பவரைப் பார்த்து வீறிட்டார்கள். ஒருத்தி அழுகையை நிறுத்த முடியாமல் அழுதுகொண்டே சிரித்தாள். சமையலறையிலிருந்து முஜிப்பின் மனைவி ஜாஹிதா மாவுக் கையோடு ஓடிவந்தாள். அரியக்குடியிலிருந்து ஒருவர், நாச்சியாபுரத்திலிருந்து ஒருவர் என்று போன் மாற்றிப் போன் அடித்தது.

சாதிக் அலிக்கு ஆரம்பத்தில் வேடிக்கையாகத்தான் இருந்தது. “உள்ள வாங்க, உள்ள வாங்க. மையத்தே வாங்கன்னு கூப்புடுது, வாங்க” என்று வந்தவர்களை உட்கார வைத்தார்.

பிறகு சந்தூக்கு வந்தது.

பள்ளிவாசலிலிருந்து நான்கு பேர் இறந்தவரைத் தூக்கிப்போகும் அந்தப் பெட்டியைத் தோளில் சுமந்து வந்து வாசலில் இறக்கினார்கள். மேலே பச்சைத் துணி. பின்னால் ஜமாஅத் தலைவர். கூடத்துச் சிரிப்பு அடங்கியது. சுமந்து வந்தவர்களில் முன்னால் நின்ற ஆள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, “மையத்து எங்குட்டு இருக்கு?” என்று கேட்டுவிட்டு, சாதிக் அலியின் முகத்திலேயே விழித்து, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சாதிக் அலி எழுந்தார். மெதுவாக வாசலுக்குப் போய், சந்தூக்கின் மரத்தில் கைவைத்தார்.

“குழி வெட்ட ஆரம்பிச்சாச்சா?”

சுமந்து வந்தவர்கள் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“கேக்குறேன்ல.”

“இடுப்பளவு வெட்டிட்டாக” என்றார் தலைவர்.

“எங்குட்டு?”

“உங்க வீட்டம்மா பக்கத்துலதான்.”

கிழவர் தலையை ஆட்டினார். “மூடிரச் சொல்லுங்க. ஆனா அந்த எடத்தை வேற யாருக்கும் குடுத்துறாதீக” என்றார். சொல்லிவிட்டுத் திரும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்து நாற்காலிக்கு வந்தார். அதுவரை அவர் பிடிமானம் தேடி முஜிப் பார்த்ததில்லை.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். இத்தனை பேருக்கு நடுவில் எப்படி? கூட்டம் கலையட்டும், தலைவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம். நிதானமாக விளக்கிச் சொன்னால் அவருக்குப் புரியும்.

“யாரு பாத்த வேலை இது?” தலைவர் குரலை உயர்த்தினார். “ஜமாஅத்து மானமே போச்சு. அந்தப் புள்ள இன்ஷாதானே இதெல்லாம் பாக்குது? போன வாரமும் ஒண்ணுக்கு ரெண்டா அனுப்புச்சு.”

“அந்தப் புள்ளதான்” என்று யாரோ ஒத்து ஊதினார்கள்.

முஜிப் சந்தூக்கின் பச்சைத் துணியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரிஹானா ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். பின்னால் இன்ஷா, செருப்புக்கூட இல்லாமல். ரிஹானா தகப்பனாரைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். இன்ஷா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோர் கண்ணும் தன் மேல் இருப்பது அவளுக்குப் புரிய நேரம் ஆகவில்லை.

“நன்னா, மன்னிச்சிருங்க நன்னா” என்றாள் தாத்தாவைப் பார்த்து. “பூட்டுப் போட்டிருந்தேன். ரெண்டாவது ஆளு இல்லாம போகக் கூடாது. எங்க தப்புப் பண்ணேன்னு தெரியல. பாத்துப் பாத்துத்தான் செஞ்சேன். என்னையறியாம ஏதோ...”

அவள் முடிக்கவில்லை. ரிஹானா திரும்பி, பளாரென்று அவள் கன்னத்தில் அறைந்தாள்.

“எங்கத்தாவக் கொன்னுட்டு மன்னிச்சிருங்கங்குற! அன்னைக்கே மாமா படிச்சுப் படிச்சு சொன்னாகள்ல?”

இன்ஷா அழவில்லை. கன்னத்தைப் பிடிக்கவும் இல்லை. அவள் மாமாவைப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வையாக இருந்தால் முஜிப் தாங்கியிருப்பான். அவள் உதவி கேட்டாள். விவரம் தெரிந்தவர் நீங்கள், நான் எங்கே தவறினேன் என்று நீங்களாவது சொல்லுங்கள் என்று அந்தப் பார்வை கேட்டது.

அவன் கண்ணைத் தாழ்த்தி, அத்தா பாதி குடித்து வைத்த டீயைப் பார்த்தான்.

முழங்கையில் ஏதோ ஒட்டியது. ஜாஹிதாவின் மாவுக் கை. காலையில் அவள் மாடிக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது திரையில் பள்ளிவாசல் படம் போட்ட ஜமாஅத் செயலி திறந்திருந்ததைப் பார்த்தவள்.

“நீங்களா சொல்றீகளா” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. “இல்ல, நான் சொல்லட்டுமா?”

“அக்கா” என்றான் முஜிப். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. “புள்ளைய அடிக்காத. அவ செய்யல. நான்தான்.”

*

சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். அவனுக்கு அப்படி எதுவும் இறங்கவில்லை. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பெங்களூரிலும் அமெரிக்காவிலும் வேலை பார்த்துவிட்டு வந்தவன் என்று தெருவே சொல்லிக்கொள்கிற முஜிப்.

பூட்டைக் கழற்றியதைச் சொன்னான். தன் போனுக்கு மட்டும் போகும் என்று நினைத்ததைச் சொன்னான். ரிஹானா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு மகளை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். இன்ஷா விறைப்பாகவே நின்றாள்.

சாதிக் அலி நாற்காலியில் சாய்ந்தார். “அப்ப, சோதிச்சுப் பாக்க ஒரு பேரு வேணும்?”

“ஆமாத்தா.”

“ஒன் பேரப் போட்டுருக்கலாம்ல?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது.

பதில் முஜிப்பிடம் இருந்தது. தன் பெயரைத்தான் முதலில் அடிக்கப் போனான். தன் பெயருக்குப் பக்கத்தில் மௌத் என்று எழுத விரல் வரவில்லை, அபசகுனம் மாதிரி இருந்தது. அத்தாவின் பெயரை எழுதியபோது அப்படி எதுவும் தோன்றவில்லை. வயதானவர்தானே என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று கணக்குப் போட்டிருக்கிறது. அதை எந்த வாயால் சொல்வது?

கிழவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்துவிட்டு, “சரி விடு” என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று முஜிப்புக்குத் தெரிந்தது.

“மொதல்ல மறுப்பு அனுப்புங்கப்பா” என்று தலைவர் அவசரப்படுத்தினார். “வெளிநாட்டுல இருக்கிறவுகள்லாம் துடிச்சுக்கிட்டு இருப்பாக.”

முஜிப் மடிக்கணினியைக் கீழே கொண்டுவந்தான். கழற்றிய பூட்டை முதலில் மாட்டினான். பிறகு எழுதினான். ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாக, ஜனாப் சாதிக் அலி அவர்கள் குறித்துத் தவறான செய்தி வெளியாகிவிட்டது. அவர் நலமாக இருக்கிறார். வருந்துகிறோம்.’

பட்டனை அழுத்தினான். இரண்டாவது நபரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது என்று வந்தது.

கூடத்தின் மறுபக்கத்தில் இன்ஷாவின் போன் ஒலித்தது. அவள் எடுத்துப் படித்தாள். கன்னத்தில் விரல் தடம் சிவந்து கிடந்தது.

“இது போகாது மாமா.”

“ஏம்மா?”

“கோளாறுன்னு எழுதியிருக்கீக. கோளாறு ஒண்ணும் இல்லையே. எழுதுனபடிதானே வேலை செஞ்சிருக்கு?” அவள் போனைத் தாழ்த்தினாள். “கோளாறுன்னு போட்டா, நாளைக்கும் தெரு என்னையத்தான் சொல்லும். பேரைப் போட்டு எழுதுங்க.”

“இன்ஷா!” என்று ரிஹானா அதட்டினாள்.

“இருக்கட்டும்க்கா” என்றான் முஜிப்.

அழித்துவிட்டு மறுபடி எழுதினான். எழுத எழுத அந்தச் செய்தி போய் விழப்போகிற முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கூடப் படித்தவர்கள், மாமனார் வீட்டார், தன் பிள்ளையையும் கம்ப்யூட்டர் படிக்க வைக்கலாமா என்று யோசனை கேட்டு வந்தவர்கள். ‘சாதிக் அலி அவர்கள் உயிரோடும் நலமோடும் இருக்கிறார். காலையில் வந்த செய்தி பொய். அவர் மகன் முஜிபுர் ரகுமானாகிய நான் சோதித்துப் பார்க்கும்போது, இருந்த பாதுகாப்பை என் கையால் எடுத்துவிட்டதால் அது வெளியே போனது. வேறு யாரும் பொறுப்பில்லை. மன்னியுங்கள்.’

இன்ஷா முழுவதையும் படித்தாள். ஒப்புதல் கொடுத்தாள். கூடத்தில் இருந்த எல்லாப் போன்களும் ஒன்றாக அதிர்ந்தன. ஒவ்வொருவரும் குனிந்து படித்தார்கள். படித்தவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

கூட்டம் மெல்லக் கரைந்தது. சந்தூக்கு, வந்த வழியே திரும்பிப் போனது. சேவுகன் மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் சாக்குக்குள் திணித்து, “ஈஸ்வரி அழுதுக்கிட்டே இருப்பா, போய்ச் சொல்லணும்” என்று மனைவி பெயரைச் சொல்லிக்கொண்டு வண்டியை மிதித்தார்.

வாசற்படியில் முஜிப் இன்ஷாவுக்கு எதிரே போய் நின்றான்.

“கம்பெனியில நானே இதைத்தான்மா செஞ்சேன். அன்னைக்கி ஒண்ணும் ஆகல.” சமாதானம் சொல்ல வந்தவன், ஏன் இப்படிப் பேசுகிறோம் என்று தெரியாமலேயே பேசினான்.

“அன்னைக்கி நடந்தத நீங்கதான சொன்னீக மாமா” என்றாள். “பழசு ஒரு பிரதி எடுத்து வச்சுக்கிட்டேன், கூட ரெண்டு பேர உக்கார வச்சேன், ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி மாத்துனேன், கையெல்லாம் வேர்த்துச்சுன்னு சொன்னீக. அன்னைக்கி விதிய மீறுனது தப்பே இல்ல. என்ன உடையும்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.” படியில் ஒரு காலை இறக்கினாள். “இன்னைக்கி கை வேர்த்துச்சா மாமா?”

பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனாள். வெறுங்காலோடு, வெயிலில்.

*

மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜமாஅத் தலைவர் திரும்பவும் வந்தார். இந்தத் தடவை தனியாக. போனை நீட்டினார்.

“இத இப்பத்தான் பாத்தேன். காலையில வந்து குவிஞ்ச செய்திகளுக்குள்ள கெடந்துருக்கு.”

அன்வர் சாதிக் என்று பெயர் இருந்தது. முஜிப்பின் தம்பி. மாமி மகளோடு நிக்காஹ் நிச்சயமாகியிருந்த வாரத்தில், பிடிக்கவில்லை என்று வாய் திறந்து சொல்லாமல் கோலாலம்பூருக்கு ஏறிப்போனவன். அதன் பிறகு அவன் இந்த வீட்டுக்குப் போன் செய்ததில்லை. இந்த வீட்டில் அவன் பெயரை யாரும் சொன்னதும் இல்லை.

‘நான் வரும்வரை அத்தாவை அடக்கம் செய்ய வேண்டாம். முகம் பார்க்க வேண்டும். விமானத்தில் ஏறிவிட்டேன். சாயங்காலம் திருச்சி.’

முஜிப் தம்பியின் எண்ணுக்கு அடித்தான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எழுதிப் போட்டான். ஒற்றை டிக் மட்டும் விழுந்தது. மறுப்புச் செய்தி போனபோது அவன் ஆகாயத்தில் இருந்திருக்கிறான்.

அத்தாவிடம் சொல்ல முஜிப்புக்குத் தைரியம் வரவில்லை. ஜாஹிதா போய்ச் சொன்னாள். கிழவர் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

“ஏறிட்டானா?”

“ஏறிட்டாக மாமா.”

“முகம் பாக்கணும்னா எழுதியிருக்கான்?”

“ஆமா மாமா.”

கிழவர் கதவோரம் நின்ற மூத்த மகனை ஏறிட்டார். “நீ போ. வேற யாரையும் அனுப்பாத. நீ போய் நேருக்கு நேரா சொல்லு.”

புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனான் முஜிப். வழியெல்லாம் வாக்கியங்களைக் கட்டிக் கட்டிப் பார்த்தான். எதை எடுத்தாலும் அதில் ஒரு கோளாறு ஒளிந்திருந்தது. வண்டியில் பாட்டு இல்லை. போன் அடித்தபோதெல்லாம் எடுக்கவில்லை. அலுவலகத்திலிருந்து ஹரீஷ் இரண்டு முறை கூப்பிட்டிருந்தான்.

விமான நிலையத்தில் வெளியே வருகிற வாசலருகே நின்றான். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டன. எல்லோருக்கும் பின்னால், தோளில் ஒரே ஒரு பையோடு அன்வர் வந்தான். வேலைக்குப் போட்டிருந்த சட்டையோடு அப்படியே வந்திருந்தான். கடையின் பெயர் நெஞ்சில் தைத்திருந்தது. முன்நெற்றியில் முடி போயிருந்தது. கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன. கையில் சிக்னல் இல்லாத போன். மலேசிய சிம் இங்கே எடுக்கவில்லை போலிருக்கிறது.

அண்ணனைப் பார்த்ததும் அவன் முகம் கோணியது. வந்து மேலே விழுந்து கட்டிக்கொண்டான்.

“குளிப்பாட்டியாச்சாண்ணே? எனக்காகத்தான் வச்சிருக்கீகளா? கடைசியா ஏதாச்சும் சொன்னாரா? எம் பேரச் சொன்னாரா?”

“அன்வரு.” முஜிப் அவனைப் பிடித்து எதிரே நிறுத்தினான். கட்டி வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் இல்லை. “அத்தாவுக்கு ஒண்ணுமில்ல. இருக்காக. நல்லா இருக்காக.”

அன்வருக்கு விளங்கவில்லை.

“செய்தி பொய். நான்தான் அனுப்புனேன். சோதிச்சுப் பாக்கும்போது அத்தா பேரைப் போட்டேன். எல்லாருக்கும் போயிருச்சு.”

அடித்திருக்கலாம். சட்டையைப் பிடித்திருக்கலாம். அன்வர் இரண்டும் செய்யவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனை உற்றுப் பார்த்தான். ஒரு கணம் அவன் முகத்தில் ஏதோ வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் அணைந்தது.

“நான் வர்றது அவருக்குத் தெரியுமா?”

“தெரியும். அத்தாதான் என்னை அனுப்புனாக.”

“கோவமா இருக்காரா?”

“தெரியலடா. ஒண்ணும் சொல்லல.”

அன்வர் பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டான். எதிரே போகிற வாடகைக் கார்களைப் பார்த்தான்.

“விமானத்துல ஏறுனதுலேருந்து அவரோட பேசிக்கிட்டே வந்தேண்ணே. சொல்ல வேண்டியத எல்லாம் சொல்லி முடிச்சுட்டேன். அவரு பதில் பேச மாட்டாருங்குற தைரியத்துல சொன்னேன்.” கையிலிருந்த போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். “கண்ண மூடிக் கெடக்குற மொகத்தப் பாக்கத்தான் வந்தேன். அது என்னையப் பாத்தா, எனக்குத் தாங்காது.”

“அன்வரு...”

“டிக்கெட் போடுற எடம் எங்குட்டு இருக்கு?”

திரும்பி நடக்கத் தொடங்கினான். முஜிப் எட்டி அந்தப் பையின் வாரைப் பிடித்தான். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒரு போலீஸ்காரர் இரண்டு எட்டு முன்னால் வந்தார். அன்வர் இழுத்தான்.

“விடுங்கண்ணே. எல்லாரும் பாக்குறாக.”

“பாக்கட்டும்” என்றான் முஜிப்.

வாரைப் பிடித்திருந்த அவன் கை, மணிக்கட்டு வரைக்கும் வேர்த்திருந்தது.